ஸ்டேஷன் எடுக்காத பெட்டி

காரைக்குடியில் டெலிவிஷன் எடுக்காது என்பது என் கல்யாணத்துக்கு வந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது, என் மாமனார் ஒருவரைத் தவிர. அவர் பினாங்கில் முப்பது வருஷம் இருந்துவிட்டு ஊரோடு வந்தவர். அங்கே எங்கள் ஆட்கள் கடையும் படுக்கையுமாகச் சேர்ந்து இருக்கும் கிட்டங்கியில், சாயங்காலமானால் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து பழகிவிட்டார். புறப்படும்போது அந்தப் பெட்டியையே விலைக்கு வாங்கி, வைக்கோல் திணித்து, பலகை அடித்துக் கப்பலில் ஏற்றிவிட்டார். கீழச்சிவல்பட்டியில் அவர்கள் வீட்டில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பியிருந்தபோது, வெள்ளிக்கும் பித்தளைக்கும் எனாமல் அடுக்குகளுக்கும் நடுவில் அது நின்றது. தேக்கு மரக் கூடு, நான்கு குச்சிக் கால்கள், முன்னால் இழுத்து மூட இரண்டு கதவுகள். எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. மெட்ராஸில் அப்போதுதான் ஸ்டேஷன் வந்திருந்தது. அந்த அலை செங்கல்பட்டைத் தாண்டி வந்தாலே பெரிய காரியம்.

"படம் எப்ப வரும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"மாடியில கம்பி கட்டுனா வரும்" என்றார் மாமனார்.

நான் ஊரில் இருந்த ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தேன். கம்பியை எவ்வளவு உயரத்தில் கட்டினாலும் வராது என்று அங்கே சொல்லக்கூடிய ஒரே ஆள் மாப்பிள்ளையாகிய நான்தான். சொல்லவில்லை. மாப்பிள்ளை முறுக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். முறுக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் பேசாத ஆள். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். அதில் எனக்கு ஒரு திமிரும் இருந்தது. பேசுகிறவர்கள் எல்லாம் வேலை தெரியாதவர்கள் என்று வெகுகாலம் நம்பினேன்.

எங்கள் வீடுகளில் கல்யாணமான மகனை 'வேறு வைத்து' விடுவார்கள். வீடு ஒன்றுதான். ஆனால் நடு முற்றமான வளவைச் சுற்றி ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு அடுப்பு, தனிச் சமையல். நாங்கள் அண்ணன் தம்பிகள் ஐந்து பேர் என்பதால் ஐந்து அடுப்பு. அது வீட்டில் கூட்டம் இருந்த காலத்து ஏற்பாடு. என் முறை வந்தபோது மற்ற நால்வரும் மெட்ராஸ், கோயம்புத்தூர், ஈப்போ என்று போய்ச் சேர்ந்திருந்தார்கள். எங்கள் அப்பா, அப்பச்சி என்போம், காலமாகி, ஆத்தாவும் பெரிய அண்ணனோடு போய்விட்டது. இருந்தாலும் முறை முறைதான் என்று எல்லாரும் வந்து, எங்களுக்கு அரிசி பருப்பு அளந்து வைத்து, அடுப்பு மூட்டி, வேறு வைத்துவிட்டு, பத்தாம் நாள் ரயிலேறிவிட்டார்கள். எங்களை யாரிடமிருந்து வேறு வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவ்வளவு பெரிய வீட்டில் நாங்கள் இரண்டு பேர். காலை எட்டரைக்கு நான் சைக்கிளில் கிளம்பிவிட்டால் மாலைவரை அவள் ஒருத்தி.

மாடியில் கம்பி கட்டினோம். மலேயா பிளக் இங்கே எந்தத் துளையிலும் சேராததால் எலக்ட்ரீஷியன் அதை வெட்டிவிட்டு இரண்டு முள் பிளக் மாட்டிக் கொடுத்தார். பெட்டி சூடேறி, திரை வெளுத்து, உலையில் அரிசி கொதிக்கிற மாதிரி சாம்பல் நிறப் பொட்டுகள் கொதித்தன. கூடவே உஸ்ஸென்று ஓயாத இரைச்சல். அவ்வளவுதான். மாமனார் வந்து பார்த்து, "இன்னும் ஒரு பாகம் ஒசத்துங்க" என்றார். இன்னொரு ஆள் உயரம் உயர்த்தினோம். பொட்டுகள் அப்படியே கொதித்தன. அவரும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் என் மனைவி விடவில்லை. மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றிவிட்டு வந்து பெட்டியின் கதவைத் திறந்து அதைப் போடுவாள். எதிரே பாயில் உட்கார்ந்து கீரை ஆய்வாள், துணி மடிப்பாள், கூடை பின்னுவாள். முக்கால்வாசி நேரம் திரையைப் பார்ப்பதுகூட இல்லை. நான் எதிர்ப்பக்கம் மேஜையில் ஏதாவது ஒரு கருவியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எட்டு மணிக்குச் சாப்பாடு எடுத்துவைக்கும்போதுதான் நிறுத்துவாள்.

"ஸ்டேஷனே இல்ல. எதப் பாக்குற?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"இருக்கட்டும். சும்மா கெடக்குறதுக்கு ஓடட்டுமே."

எனக்கு எரிச்சலாக வரும். என் தொழிலில் இரைச்சல் என்பது எதிரி. ஒரு கருவியின் முள் அநாவசியமாக நடுங்கினால் அந்த நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று இரண்டு நாள் தேடி அதை ஒழிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்தால் அதே இரைச்சல், அதுவும் சுத்தமான இரைச்சல், வேறு கலப்பே இல்லாதது, வளவு முழுக்க நிரம்பிக் கிடக்கும். இந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் புத்தி மட்டு என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம் இருக்கும், அமெரிக்காவில் இருந்த என் கல்லூரிக் கூட்டாளி ஊருக்கு வந்தபோது எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து கொடுத்தான். கம்ப்யூட்டர் என்றதும் இப்போதுள்ளவர்கள் எதையாவது நினைத்துக்கொள்ளக் கூடாது. சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு பச்சைப் பலகை. அதன்மேல் கரப்பான் பூச்சி வரிசை மாதிரி கறுப்புச் சில்லுகள், ஒரு ஓரத்தில் இருபது சொச்சம் பொத்தான், ஆறே ஆறு சிவப்பு எண்கள். மனதுக்குள் அது ஆயிரம் கணக்குப் போட்டாலும் வெளியே ஆறு எழுத்துக்கு மேல் காட்டத் தெரியாது. பார்த்த உடனே எனக்கு அது பிடித்துப்போனது. தினமும் ஆறிலிருந்து எட்டுவரை, அவள் டெலிவிஷன் முன்னால் இருக்கும்போது, நான் எதிர்ப்பக்கத்து மேஜையில் இப்போது அந்தப் பலகையோடு இருந்தேன். எங்களுக்கு நடுவில் பத்தடி இருக்கும்.

அதற்கு ஒரு திரை வேண்டும் என்பது கொஞ்ச நாளில் வெறியாகிவிட்டது. ஆராய்ச்சிக் கூடத்து நூலகத்துக்கு வரும் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் யாரோ ஒருவன் அதற்கு வழி போட்டிருந்தான். கடைகளில் விற்கும் திரை ஆனை விலை, குதிரை விலை; வீட்டில் பழைய டெலிவிஷன் இருந்தால் அதையே திரையாக்கிவிடலாம் என்று படத்தோடு எழுதியிருந்தான். எழுத்துகளை உண்டாக்கும் ஒரு சின்னப் பலகையைக் கையால் செய்துகொள்ள வேண்டும். ஆகாயத்திலிருந்து வரும் அலையைப் பிடிக்கும் பகுதியை விலக்கிவிட்டு, அந்த எழுத்துகளை நேரே படக்குழாய்க்குப் போகும் வழியில் சேர்த்துவிட வேண்டும். 'பழைய டெலிவிஷன் இருந்தால்' என்று அவன் சாதாரணமாக எழுதிவிட்டான். அன்றைக்குக் காரைக்குடி முழுவதும் அலசினாலும் எனக்குத் தெரிந்து ஒரே பெட்டிதான் இருந்தது. அது என் அறையில் இருந்தது.

ஆனால் அது என்னுடையது இல்லை. எங்களில் பெண்ணுக்குக் கொடுத்த சாமான் பெண்ணுக்குத்தான். பட்டியல் எழுதி இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வார்கள். என் அப்பச்சி ஆத்தாவின் தூக்குவாளி ஒன்றை எடுப்பதற்கும் கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். நான் கேட்டிருக்க வேண்டும். மறுத்துவிடுவாள் என்ற பயத்தால் அல்ல நான் கேட்காமல் இருந்தது. கேட்பதென்றால் இந்தப் பலகை என்ன, இது எதற்கு, எனக்கு ஏன் இது வேண்டியிருக்கிறது என்று முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். அவ்வளவு பேச எனக்குச் சோம்பலாக இருந்தது. அதுதான் நிஜம்.

அவள் தங்கை கல்யாணத்துக்கு இருபது நாள் ஊருக்குப் போனாள். பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்றைக்கே பெட்டியின் பின் பலகையைக் கழற்றினேன். மெட்ராஸிலிருந்து சில்லுகள் வாங்கி மாதக்கணக்கில் ஒட்டி வைத்திருந்த சின்னப் பலகை தயாராக இருந்தது. அலை பிடிக்கும் பகுதியைக் கழற்றி, அதன் இடத்தில் அதை மாட்டினேன். ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பியை வெட்டினேன். அந்தக் காலத்துப் பெட்டிகளில் ஒரு பேராபத்து உண்டு. உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தில் வீட்டு மின்சாரம் நேராகவே ஓடும். கம்ப்யூட்டர் பலகையை அதோடு அப்படியே இணைத்தால் ஒரு நொடியில் கரியாகிவிடும். இதை நினைத்து எனக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. கூடத்தில் கழித்துப் போட்டிருந்த ஒரு டிரான்ஸ்பார்மரைக் கேட்டு வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து இடையில் வைத்து, மீட்டரால் பத்து முறை பார்த்த பிறகுதான் இணைத்தேன்.

முதலில் திரை முழுக்க வரிகள் கோணலாக ஓடின. திருகி மேல் திருகியாகத் திருப்பி ஒரு வழியாக நிறுத்தினேன். பிறகு அடைப்புக்குறியும் கேள்விக்குறியுமாகக் குப்பை. அதன் பிறகு ஒரு சாயங்காலம், ஏ பி சி டி. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை சிலேட்டில் எழுதியது போலக் கட்டை கட்டையாக, அசையாமல், கரும்பலகையில் வெள்ளையாக நின்றன. இரண்டு வருஷம் கொதித்துக்கொண்டே இருந்த திரை அது. நான் எழுந்து வளவுக்கு ஓடி, "இங்க வா, இங்க வந்து பாரு" என்று கத்தினேன். யாரைக் கூப்பிட்டேன் என்று கத்தி முடித்த பிறகுதான் யோசித்தேன். அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறேன். கல்யாணமாகி முதல் தடவையாக, அவள் இல்லையே என்று எனக்கு இருந்தது.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்தேன். போட்டவுடனே திரை நடுவில் அவள் பெயர் ஆங்கிலத்தில் வரும்படி பலகைக்குச் சொல்லி வைத்தேன். அதற்கு மூன்று மாலை பிடித்தது.

அவள் பலகார டின்னும் பையுமாக வந்து இறங்கினாள். ஆறு மணிக்கு விளக்கேற்றிவிட்டுப் பெட்டிக்கு வந்தாள். நான் முந்திக்கொண்டு போட்டேன். பெயர் வந்தது. அவள் படித்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"சத்தம் எங்க?" என்றாள்.

"சத்தமெல்லாம் எடுத்தாச்சு. இனி ஒரு பொட்டு இரைச்சல் வராது" என்றேன் பெருமையாக.

பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். "இது எங்க அப்பச்சி குடுத்தது. ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா ஒங்களுக்கு?"

"கேக்குறதுக்கு அதுல என்ன வந்துச்சு?"

"சத்தமாச்சும் வந்துச்சுல்ல. இந்த வீட்டுல வேற யாருகிட்டருந்து என்ன வருது?"

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பேச வேண்டிய இடத்திலெல்லாம் பேசாதவனுக்கு அன்றைக்குத்தான் நாக்கு நீண்டது. "ஸ்டேஷன் இல்லாத பெட்டிய ரெண்டு வருசம் உக்காந்து பாத்தவளுக்கு இதோட அரும எங்குட்டுப் புரியப்போகுது" என்றேன். நாலாம் நாள் அவள் தம்பி வந்து அழைத்துக்கொண்டு போனான். கோபமாகப் போகவில்லை. எனக்கு மூன்று நாளைக்கு வேண்டிய மாவு ஆட்டி வைத்துவிட்டுப் போனாள்.

திரையில் அவள் பெயர் இருந்தது. ஆறு மணிக்குப் போடுவேன், வரும். எட்டு மணிக்கு நிறுத்துவேன், போகும். இரண்டு மாதம் இப்படி. கடிதம் எழுத உட்கார்ந்தால் 'நலம், நலமறிய அவா' என்பதற்கு மேல் பேனா நகராது. பிறகு எங்கள் பெரியவர் ஒருவர் மூலம் அவள் வீட்டில் சொல்லியனுப்பினார்கள்: அடுத்த முகூர்த்த நாள் கழித்து வந்து சாமானை எடுத்துக்கொள்கிறோம் என்று. எங்களில் சாமான் திரும்பிப் போவதென்றால் பெண் இனித் திரும்பி வரமாட்டாள் என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் விளக்கிச் சொல்ல மாட்டார்கள்.

எனக்குப் பதினைந்து நாள் இருந்தது. லீவு போட்டேன். பெட்டியைப் பழையபடி ஆக்கிவிட்டால் அவள் மனசு மாறிவிடும் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே வழி பழுதுபார்ப்பதுதான். கழற்றிய பகுதியில் மயிரிழைக் கம்பிச் சுருள் ஒன்று முறிந்திருந்தது. என் அவசரத்தில் நானே முறித்தது. அதைக் கையாலேயே சுற்றினேன், ஒன்பது தடவை தப்பாக. அவள் பெயரைக் காட்டிய பலகையைக் கழற்றினேன். டிரான்ஸ்பார்மரை எடுத்து ஓரமாக வைத்தேன். கடைசியில் ஒலிபெருக்கிக் கம்பியை ஒட்டி, பிளக்கைச் சொருகினேன்.

இரைச்சல் வந்தது. கீரை ஆய அவள் உட்காரும் இடத்தில் பாயைப் போட்டு நான் உட்கார்ந்தேன். சாயங்கால நேரம். அந்தச் சத்தம் அறையிலிருந்து வளவுக்குப் போய், பூட்டிய கதவுகளில் பட்டுத் திரும்பி வந்தது. வீட்டில் எங்கோ பத்துப் பேர் சேர்ந்து பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. என்ன பேசுகிறார்கள் என்று மட்டும் புரியவில்லை. எட்டு மணிக்கு நிறுத்தினேன். வீடு சட்டென்று எவ்வளவு பெரிசாகிவிட்டது என்பதை என்னால் சொல்லி முடியாது. என்னால் அங்கே தனியாக உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய் மறுபடியும் போட்டேன். ரெண்டு வருஷமாக ஒரு பெண் என் எதிரிலேயே தனியாக இருந்திருக்கிறாள், நான் அவளுக்குப் புத்தி மட்டு என்று முடிவு கட்டியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அழுதேன்.

குறித்த நாள் காலையில் வந்தார்கள். அவள் பக்கம் இரண்டு பெரியவர்கள், தம்பி, அவள். எங்கள் பக்கம் அந்தப் பெரியவர். வாசலில் லாரி. பட்டியலைப் படிக்கப் படிக்க ஒவ்வொன்றாக முகப்புக்குப் போயிற்று. நாலு பேருக்கு நடுவில் அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் டெலிவிஷன்.

"ஓடுதாண்டு பாத்துத்தான் ஏத்தணும்" என்றார் அவள் பக்கத்துப் பெரியவர். "பிரிச்சுப் போட்டிருந்ததாக் கேள்வி."

போட்டேன். சூடேறியது. பொட்டுகள் கொதித்தன, இரைச்சல் எழுந்தது. பெரியவர்கள் இரண்டு பேரும் ஒரு எட்டுப் பின்னால் போனார்கள். அவர்கள் ஜென்மத்தில் டெலிவிஷன் பார்த்ததில்லை.

"என்னப்பா இது, அடுப்புல உப்பப் போட்ட மாதிரி? இதுதான் ஓடுறதா? கெடுத்துப்புட்டுல வச்சிருக்கீக!"

இன்னொருவர், "சும்மாவா சொன்னாக, பெட்டி போச்சுண்டு" என்றார். எங்கள் பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். ஸ்டேஷன் இல்லாத ஊரில் ஒரு டெலிவிஷன் நன்றாக இருக்கிறது என்று எதைக் காட்டி நிரூபிப்பது?

அவள்தான் முன்னால் வந்தாள். திரையைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டாள். சத்தம் வைக்கும் திருகியின் குமிழ் கப்பலிலேயே உடைந்துபோய் வெறும் இரும்புக் காம்புதான் நீட்டிக்கொண்டிருந்தது. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு அதைத் திருப்பிக் குறைத்தாள்.

"கெடல. இப்படித்தான் இருக்கும் இது" என்றாள். "நல்லாப் பண்ணியிருக்காக."

நான் செய்த வேலையை யாரும் அதற்கு முன்போ பின்போ அவ்வளவு சரியாகக் கணித்ததில்லை. எங்கள் பெரியவருக்கு என்ன தோன்றியதோ, மற்றவர்களை, "வாங்க, அங்குட்டுப் போயி ஒரு வா காப்பி குடிப்போம்" என்று முகப்புக்கு அழைத்துக்கொண்டு போனார். போகும்போது என்னைப் பார்த்து, "பேசுறதுன்னா பேசிக்கிருங்க" என்றார்.

அறையில் நாங்கள் இரண்டு பேரும். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவள் நின்றாள். நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை, போகாதே என்று. அது எனக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அதற்காகத்தான் நின்றாள். "என்னமோ சொல்ல வந்தீகளே" என்று எடுத்துக்கூடக் கொடுத்தாள்.

"பிளக்க மாத்திச் சொருகிறாத" என்றேன். "ரெண்டு முள்ளுதானே, எப்படி வேணா உள்ள போயிரும். ஒரு பக்கமாச் சொருகுனா ஒண்ணும் இல்ல. மாத்திச் சொருகுனா உள்ள இருக்க இரும்பு பூராம் கரண்டு வந்துரும். அந்தக் காம்பத் தொட்டா ஷாக் அடிக்கும். பாத்துச் செய்யி."

அவளிடம் நான் ஒரே மூச்சில் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

"தெரியும்" என்றாள். "கம்பி கட்டுன மறுநாளே அடிச்சுச்சு. கை தோள் வரைக்கும் ஒதறிப்போச்சு. அப்பறந்தான் துணியச் சுத்திக்கிட்டுத் திருகப் பழகுனேன்."

"எங்கிட்டச் சொல்லலையே?"

"கத்துனேன்" என்றாள். "நீங்க எதிர்த்தாப்புலதான் உக்காந்திருந்தீக."

குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். கம்பியைச் சுருட்டிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, தூக்குவதற்கு ஆட்களைக் கூப்பிட முகப்புக்குப் போனாள்.